எல்லைக் கல்லும் ஏழையின் சொல்லும்

(சாத்தூர்ப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வைப்பாற்றங்கரையில் வாழும் உங்களிடம் அரபு நாட்டுப் பாலைவனத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றால், "இவருக்கு என்ன வந்தது? தீப்பெட்டித் தொழிலின் துயரைப் பேசுவார், பருத்திக்கு விலை கேட்பார் என்று பார்த்தால், ஒட்டகத்தின் முதுகில் ஏறிக்கொள்கிறாரே!" என்று நீங்கள் எண்ணக்கூடும். எண்ணத்தான் வேண்டும். ஆனால், சற்றுப் பொறுமையோடு கேட்பீர்களானால், அந்த ஒட்டகம் சுற்றிச் சுற்றி நமது கரிசல் காட்டுக்கே வந்து சேரும் என்பதைக் காண்பீர்கள்.

உழவர்களுக்குத் தெரியாதது அல்ல இது. இரண்டு புஞ்சைகளுக்கு நடுவே ஒரு பொழி இருக்கிறது. ஆண்டுதோறும் ஏர் ஓட்டும்போது, பக்கத்துக்காரர் ஒரு சால் உள்ளே தள்ளி உழுகிறார். பத்தாண்டு கழித்துப் பார்த்தால் பொழி இடம் மாறியிருக்கிறது. அளந்து நட்ட கல் எங்கே என்று தேடினால், அது சாய்ந்து கிடக்கிறது. யாரும் சாய்க்காமலேயே சாய்ந்திருக்கவும் கூடும். ஏனெனில் கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அந்த மண்ணில் நட்ட கல், மண்ணோடு சேர்ந்து அசையும். பிறகு என்ன? ஊர்க்கூட்டம், காவல் நிலையம், நீதிமன்றம், வழக்கறிஞர் கட்டணம்! அரைக் குழி நிலத்துக்காக அரை ஏக்கரை விற்றவர் கதை ஒவ்வோர் ஊரிலும் உண்டு.

கரிசலில் கல் சாயும் என்றால், மணலில் கல் நிற்குமா? அதுதான் பாலைவனத்தின் கதை.

குவைத்துக்கும் ஈராக்குக்கும் எல்லை எது என்று 1923இல் எழுதி வைத்தார்கள். எப்படி எழுதினார்கள்? சஃப்வான் என்ற ஊருக்குத் தெற்கே என்று குறித்தார்கள். அந்த ஊரின் தெற்கோரப் பேரீச்ச மரத்துக்கு அப்பால் ஒரு பலகையை நட்டு, "இது எல்லை" என்று அடையாளம் வைத்தார்கள். மரம் என்றால் கன்று வைப்பார்கள், தோப்பு வளரும், தெற்கோர மரம் இன்னும் தெற்கே போகும்! பலகை என்றால் பிடுங்குவார்கள், திரும்ப நடுவார்கள், நட்ட இடம் பழைய இடந்தானா என்று சண்டையிடுவார்கள். அப்படியே நடந்தது. 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்தின் மீது படையெடுத்தது. அந்தப் போருக்கு எண்ணெயும் கடனும் ஆதிக்க ஆசையும் காரணங்கள். தெளிவில்லாத எல்லை அந்த ஆசைக்குக் கிடைத்த சாக்கு. போர் முடிந்த பிறகு ஐக்கிய நாடுகள் அவை ஒரு குழுவை அமைத்து, அளந்து, தூண்களை நட்டு, 1993இல் அந்த எல்லைக்கு முடிவு கட்டியது. ஒரு பேரீச்ச மரத்தின் அடியில் தொடங்கிய வழக்கு, எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு தீர்ந்தது!

இன்னொரு கதையும் கேளுங்கள். இன்று ஐக்கிய அரபு அமீரகம் என்று அழைக்கப்படும் நாடு, 1971 டிசம்பர் 2க்கு முன்னர், பிரிட்டிஷாரின் பாதுகாப்பில் இருந்த ஏழு சிற்றரசுகள். இந்த வட்டாரத்திலிருந்தும் எத்தனையோ பிள்ளைகள் அங்கே பிழைக்கப் போயிருக்கிறார்கள். அந்த ஏழு சிற்றரசுகளுக்கும் இடையே நெடுங்காலம் கோடு கிடையாது. ஏன் கிடையாது? கோடு தேவைப்படவில்லை. அங்கே ஆட்சி என்பது நிலத்தின் மீது அல்ல, மக்களின் மீது. எந்தக் குலம் எந்தத் தலைவருக்கு வரி கொடுக்கிறதோ, அந்தக் குலம் ஆடுமாடு மேய்க்கும் இடமெல்லாம் அவருடையது. மழை பெய்த பக்கம் மந்தை போகும்; மந்தை போன பக்கம் எல்லையும் போகும்!

பிறகு எண்ணெய் வந்தது. எண்ணெய் தோண்டுகிற நிறுவனம் கேட்கிறது: "இந்த மணல் யாருடையது? யாரிடம் கையெழுத்து வாங்குவது?" அதுவரை எவரும் கேட்காத கேள்வி. அபுதாபியும் துபாயும் 1945 முதல் 1948 வரை எல்லைக்காகப் போரே நடத்தின. 1950களில் ஜூலியன் வாக்கர் என்ற இளம் பிரிட்டிஷ் அதிகாரியை அனுப்பினார்கள். சரியான வரைபடம் கூட இல்லாத மலைகளிலும் மணல்மேடுகளிலும் அவர் அலைந்தார். குலப் பெரியவர்களிடம், "இந்தக் கிணறு யாருடையது? இந்தத் தோப்புக்கு யாருக்கு வரி கொடுத்தீர்கள்?" என்று கேட்டுக் கேட்டுக் குறித்தார். விளைந்த வரைபடத்தைப் பார்த்தால், கந்தல் துணியை ஒட்டுப் போட்டுத் தைத்ததுபோல் இருக்கிறது. ஓமான் நாட்டின் மத்ஹா என்ற ஊர் அமீரகத்தின் நடுவே இருக்கிறது. அந்த மத்ஹாவின் நடுவே நஹ்வா என்ற ஊர் மறுபடியும் அமீரகத்தைச் சேர்ந்தது!

சிரிக்கிறீர்கள். ஆனால் அந்தக் கந்தல் துணியிலே ஒரு நீதி இருக்கிறது, தோழர்களே! அங்கே வாழ்ந்தவனைக் கேட்டார்கள். கோடு கோணலாக வந்தது உண்மை. வாழ்க்கையே கோணலாக இருக்கும்போது கோடு மட்டும் எப்படி நேராக வரும்?

இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு. 1922இல் உக்கைர் என்ற கடலோர ஊரில், பெர்சி காக்ஸ் என்ற பிரிட்டிஷ் அதிகாரி, நஜ்து, ஈராக், குவைத் ஆகியவற்றுக்கு இடையே, வரைபடத்தின் மீது சிவப்புக் கோடு கிழித்தார். தீர்க்க முடியாத இடங்களை "நடுநிலை நிலம்" என்று ஒதுக்கி வைத்தார். மேய்ச்சலுக்கு அலைகிற மக்களை யாரும் கேட்கவில்லை. அவர் ஒதுக்கிய நடுநிலை நிலங்களில் ஒன்றைச் சவூதி அரேபியாவும் குவைத்தும் பங்கிட்டுக்கொள்ள 1965இல்தான் உடன்பாடு செய்துகொண்டன.

கேட்டுக் கிழித்த கோடு, கேளாமல் கிழித்த கோடு என்று கோடுகள் இருவகை. இந்த இரண்டில் நமக்கு வாய்த்தது எது?

1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தது. அதற்காகப் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாநோன்பிருந்து, 1952 டிசம்பர் 15 அன்று உயிர் நீத்தார். தெலுங்கு மக்கள் தங்களுக்கென்று மாநிலம் கேட்டது நியாயம். அதை நாம் எக்காலத்தும் மறுத்ததில்லை. ஆனால் பிரிந்தபோது, சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி அங்கே போயிற்று. சென்னை நகரமே யாருக்கு என்ற கேள்வி எழுந்து, ஓய்ந்தது. ம.பொ.சிவஞானமும் மங்கலங்கிழாரும் திருத்தணிக்காகப் போராடினர். தெற்கே மார்ஷல் நேசமணியின் தலைமையில் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு போராடியது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிகள் முழங்கின. தமிழர் உடல்கள் மண்ணில் சாய்ந்தன. அங்கே நட்ட எல்லைக் கற்களின் அடியில் இரத்தம் இருக்கிறது.

மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பரில் அறிக்கை தந்தது. திருவிதாங்கூர் - கொச்சியில் தமிழர் கேட்டவை ஒன்பது வட்டங்கள். 1956 நவம்பர் முதல் நாள் வந்து சேர்ந்தவை அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கும், செங்கோட்டையின் ஒரு பகுதியும். செங்கோட்டையின் மேற்கே இருந்த காட்டுப் பகுதி வெட்டி எடுக்கப்பட்டு அங்கேயே நின்றது. தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. தேவிகுளத்தில் தமிழ் பேசுவோர் பெரும்பான்மையினர் என்பதை ஆணையம் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்து போகிற கூலிகள், நிலையாக வாழ்வோர் அல்லர் என்பது வாதமாக நின்றது. எண்ணிப் பாருங்கள்! காட்டை வெட்டித் தோட்டமாக்கியவன் வந்து போகிறவனாம்! அட்டைக்கடியிலும் குளிரிலும் தலைமுறை தலைமுறையாக இலை பறித்தவள் நிலையற்றவளாம்! முதலாளியின் பட்டா நிலையானது. தொழிலாளியின் வியர்வை நிலையற்றது. அந்தக் கணக்கின்படி ஓர் எல்லை முடிவாயிற்று.

பீர்மேட்டை இழந்ததன் விலை என்ன? பெரியாற்று அணை இருப்பது பீர்மேடு வட்டத்தில். 1886இல் 999 ஆண்டுக் குத்தகை எழுதி, 1895இல் திறக்கப்பட்ட அணை அது. அணையை இயக்கும் உரிமை நமக்கு; அணை நிற்கும் மண் அவர்களுக்கு. அதனால்தான் நீர்மட்டம் 142 அடியா, 136 அடியா என்று நீதிமன்றப் படிக்கட்டுகளில் ஏறி இறங்கினோம். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் 142 அடி என்று தீர்ப்பளித்த பிறகும் வாதம் ஓயவில்லை.

அப்போது சென்னையில் முதலமைச்சராக வீற்றிருந்தவர் காமராசர். 1957லும் 1962லும் இந்தச் சாத்தூர்த் தொகுதி மக்களே அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினீர்கள். அவர் திறந்த பள்ளிகளை நாம் மறப்பவர்கள் அல்லர். குமரியும் செங்கோட்டையும் திருத்தணியும் அவர் காலத்தில் வந்தன என்பதையும் மறைப்பவர்கள் அல்லர். ஆனால், தேவிகுளத்துக்கும் பீர்மேட்டுக்கும் இன்னும் உரத்துக் குரல் கொடுத்திருக்க வேண்டாமா என்ற கேள்வியை இந்த ஊரில் நின்று கேட்க நமக்கு உரிமை உண்டு. மதிப்பு வேறு, கணக்குக் கேட்பது வேறு.

தவறு எங்கே நேர்ந்தது? அளவுகோலில் நேர்ந்தது. ஆணையம் பெரும்பாலும் மாவட்டத்தையும் வட்டத்தையுமே அலகாகக் கொண்டு பார்த்தது. வட்டம் என்பது வரி வசூலுக்காகத் துரைமார்கள் வகுத்த கூறு. ஒரு வட்டத்துக்குள் ஒரு பக்கம் தமிழ் பேசும் ஊர்கள், மறுபக்கம் வேறு மொழி பேசும் ஊர்கள் இருக்கும். மொத்தமாக எடையிட்டால், கனத்த தட்டுக்காரர் அனைத்தையும் அள்ளிக்கொண்டு போவார். மெலிந்தவர் குரல் தராசில் ஏறாது.

வடக்கே இந்தத் தவறு திருத்தப்பட்டது. படாஸ்கர் என்பவர் நடுவராக அமர்த்தப்பட்டார். அவர் வட்டத்தை விட்டு, கிராமத்தை அலகாக எடுத்தார். அந்தக் கிராமத்தில் பெரும்பான்மையினர் பேசும் மொழி எது? அது அதே மொழி பேசும் நிலப்பரப்போடு தொட்டுக்கொண்டு இருக்கிறதா? இந்த இரண்டு கேள்விகளையும் கிராமம் கிராமமாகக் கேட்டார். விடை வந்தது. திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதியும், வேறு பல ஊர்களும் நமக்கு வந்தன. செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களில் தெலுங்கு பேசும் ஊர்கள் ஆந்திரத்துக்குப் போயின. 1959இல் நாடாளுமன்றம் சட்டம் செய்தது. 1960 ஏப்ரல் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. நாம் பெற்றோம், கொடுத்தோம். கேட்டதெல்லாம் கிடைத்ததா என்றால் இல்லை. ஆனால் அந்தக் கோட்டின் இருபுறமும் பகை மூளவில்லை. கிராமத்தைக் கேட்டால் நியாயம் கிடைக்கும் என்பதற்கு அது சான்று.

அரசியல் சட்டத்தின் மூன்றாவது பிரிவு என்ன சொல்கிறது? எந்த மாநிலத்தின் எல்லையையும் நாடாளுமன்றம் மாற்றலாம். மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும். கேட்டபடி நடக்க வேண்டியதில்லை. கேட்பது சடங்கு, முடிப்பது தில்லி! 1974இல் கச்சத்தீவைப் பற்றிய உடன்பாடு இரண்டு நாட்டு அரசுகளுக்கு இடையே முடிந்தது. அத்தீவு இராமநாதபுரம் சமஸ்தானத்தின் சொத்தாக இருந்தது என்பதற்கு ஆவணங்கள் காட்டப்பட்டன. 1985 வரை இந்தச் சாத்தூரும் இராமநாதபுரம் மாவட்டத்தில்தானே இருந்தது? நமது மாவட்டத்தின் கடலில் கோடு விழுந்தது. நமது மீனவரை எவரும் கேட்கவில்லை. கடலில் கல் நட முடியாது. ஆகவே அந்தக் கோட்டை மீனவன் துப்பாக்கிச் சத்தத்தில்தான் தெரிந்துகொள்கிறான்.

தோழர்களே! இவையெல்லாம் பழங்கதை என்று எண்ணிவிடாதீர்கள். 2022 நவம்பர் முதல் நாள் கேரளத்தில் எண்ணியல் மறு நில அளவை தொடங்கிற்று. செயற்கைக்கோளின் துணைகொண்டு ஒவ்வொரு துண்டு நிலத்தையும் அளக்கும் பணி அது. தங்கள் நிலத்தைத் தாங்கள் அளப்பதில் குற்றமில்லை. ஆனால் எல்லையோரத்து ஊர்களில் நம் உழவர் கலங்கினர். இரு மாநில அதிகாரிகளும் சேர்ந்து அளக்க வேண்டிய இடத்தில் ஒருவர் மட்டும் அளந்தால், நம் புஞ்சை அவர்கள் படத்தில் ஏறிவிடுமோ என்று அஞ்சினர். நமது எல்லையின் பெரும்பகுதி காப்புக்காடுகளின் ஊடே மலைமுகட்டில் போகிறது. 1816 முதல் 1820 வரை வார்டு, கான்னர் என்ற இரண்டு படை அதிகாரிகள் திருவிதாங்கூரையும் கொச்சியையும் அளந்தார்கள். அதற்கும் முன்னரே, 1802இல், பரங்கிமலை அடிவாரத்தில் லாம்டன் அடிக்கோடு அளந்து, இந்தியாவின் முக்கோண அளவைப் பணியைத் தொடங்கினார். உலகமே வியந்த அளவை அது. இத்தனை அளவையும் நடந்த நாட்டில், "இந்த மரம் யாருடையது?" என்று வனக்காவலர்கள் தகராறு செய்கிறார்கள் என்றால், குறை கருவியில் இல்லை. கூட்டாக அளந்து, கூட்டாகக் கல் நட்டு, கூட்டாகக் காக்கும் முறையில் குறை.

கல் நடுவதோடு எல்லை முடிந்துவிடுவதில்லை. முதலில் எது யாருக்கு என்று முடிவு செய்ய வேண்டும். பிறகு அந்த முடிவைத் தரையில் அளந்து அடையாளம் வைக்க வேண்டும். மூன்றாவதாக, அடையாளம் அழியாமல் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். முதல் வேலை அரசியல், இரண்டாவது அளவை, மூன்றாவது காவல். நாம் முதல் வேலைக்கு ஊர்வலம் போவோம். இரண்டாவதற்கு அதிகாரியை நம்புவோம். மூன்றாவதை மறந்தே போவோம். மறந்த இடத்தில்தான் பொழி நகர்கிறது.

மேற்கு மலையின் முகட்டில் போகும் அந்தக் கோட்டுக்கும் சாத்தூருக்கும் என்ன தொடர்பு? வைப்பாறு பிறப்பது அந்த மலையில். முகட்டுக்கு மேற்கே விழும் மழை அரபிக்கடலுக்கு ஓடுகிறது; கிழக்கே விழும் சிறு மழைதான் நமக்கு. அர்ச்சுனா ஆறு வந்து கலக்கும் இருக்கன்குடியில் நின்று பாருங்கள். ஆண்டில் பெரும்பகுதி நாட்கள் ஆற்றில் மணல்தான் தெரியும். பம்பை - அச்சன்கோவில் - வைப்பாறு இணைப்பு என்று ஒரு திட்டத்தைத் தேசிய நீர்வள மேம்பாட்டு முகமை தீட்டியது. ஆண்டுக்கு 634 மில்லியன் கனமீட்டர் நீரைக் கிழக்கே திருப்பலாம் என்பது கணக்கு. கேரளம் மறுக்கிறது. நீர் குறைந்தால் குட்டநாட்டு வயல்களில் உப்பு நீர் ஏறும் என்கிறது. அவர்களுடைய உழவனின் அச்சத்தை நாம் ஏளனம் செய்யலாகாது. உப்பேறிய வயலின் துயரம் என்ன என்பது உழவனுக்கு எந்த மொழியிலும் விளங்கும். ஆனால் காய்ந்த வைப்பாற்றின் துயரத்தை அவர்களும் கேட்க வேண்டும். கோட்டின் இருபுறமும் உட்கார்ந்து கணக்குப் பார்க்க அவர்கள் வரவேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.

ஆகவே, நம் இயக்கத் தோழர்கள் செய்ய வேண்டியது என்ன?

அண்டை மாநிலத்தாரைத் திட்டுவது எளிது, கைத்தட்டலும் கிடைக்கும். அதனால் ஒரு குழி நிலமும் மீளாது. கூடலூர் அங்காடியில் மலையாளம் பேசுகிறவரும், திருத்தணி நெசவுக்கூடத்தில் தெலுங்கு பேசுகிறவரும் நம் மக்கள். சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் ஊர்களில் வீட்டில் தெலுங்கு பேசி வெளியில் தமிழ் பேசும் குடும்பங்கள் எத்தனை! அவர்களும் நாமும் ஒரே கிணற்றில் நீர் இறைத்தவர்கள். எல்லையில் உறுதி வேண்டும். எல்லையின் பெயரால் வெறுப்பு வேண்டா.

வேண்டுவது படிப்பு. கிராம வரைபடத்தைப் பார்த்துப் புல எண் கண்டுபிடிக்க நம் தோழர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? மூன்று ஊர் எல்லைகள் கூடும் இடத்தில் முச்சந்திக் கல் இருக்க வேண்டுமே, அது இருக்கிறதா என்று எத்தனை பேர் போய்ப் பார்த்தோம்? பட்டா வேறு பெயரிலும் அனுபவம் வேறு கையிலும் கிடக்கிற ஏழைகளுக்கு மனு எழுதிக் கொடுத்தோமா? எல்லையோர மாவட்டத்து இயக்கக் கிளைகள் ஒவ்வொன்றும் தன் ஊரின் கற்களைக் கணக்கெடுக்கட்டும். காணாமற்போன கல்லுக்கு ஊர்ப் பெரியவர்களின் சொல்லைச் சான்றாக எழுதி வாங்கட்டும். எழுதியதை வட்டாட்சியரிடம் கொடுத்து, ஏற்புச் சீட்டு வாங்கிக் கோப்பில் வைக்கட்டும். பாலைவனத்தில் குலப் பெரியவர் சொன்ன சொல் ஓர் எல்லையை நிலைநாட்டியது. நம் ஊர்க் கிழவியின் சொல்லுக்கு அந்த மதிப்பு இல்லையா? உண்டு, எழுதி வைத்தால் உண்டு.

முடிக்குமுன் ஒருவரை நினைவுகூர வேண்டும். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற விருதுநகரில், 1956 சூலை 27 அன்று, சங்கரலிங்கனார் என்ற முதியவர் உண்ணாநோன்பு தொடங்கினார். காந்தியாரின் வழிவந்தவர். சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டுக என்பது அவரது கோரிக்கைகளில் முதன்மையானது. ஆளவந்தார் அசையவில்லை. அக்டோபர் 13 அன்று அவர் உயிர் பிரிந்தது. அதன் பின் பத்தொன்பது நாட்களில் புதிய எல்லையோடு மாநிலம் பிறந்தது. பெயர் மட்டும் பழைய பெயர்! 1967 சூலை 18 அன்று பேரறிஞர் அண்ணாவின் ஆட்சியில் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 1969 சனவரி 14 முதல் தமிழ்நாடு என்ற பெயர் சட்டமாயிற்று.

அந்த முதியவரின் சொல்லை அன்று கேட்டிருந்தால் ஓர் உயிர் போயிருக்காது. தேவிகுளத்துத் தொழிலாளியின் சொல்லைக் கேட்டிருந்தால் பெரியாற்று வழக்கே எழுந்திருக்காது. மார்த்தாண்டத்து மக்களின் சொல்லைக் கேட்டிருந்தால் அந்தத் துப்பாக்கிகள் முழங்கியிருக்கா.

தோழர்களே! நாளைக் காலை வீட்டிற்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் புஞ்சைப் பொழியில் இருக்கிற அளவைக் கல் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். சாய்ந்திருந்தால், பக்கத்துக்காரரையும் உடன் அழைத்து, இருவருமாக நில அளவருக்கு மனுக் கொடுங்கள். இருவர் கண்ணெதிரே அளந்து நட்ட கல்லுக்கு வழக்கு வராது. உங்கள் பொழியில் அந்தப் பழக்கம் வேரூன்றிவிட்டால், மேற்கு மலையின் முகட்டிலும் அப்படியே அளக்க வேண்டும் என்று கேட்கிற துணிவு நமக்குத் தானே வரும்.